உள்ளங்கையில் ஒரு புலி

நெட்சுகே என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொஞ்ச நாளாக அதன் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எடோ காலத்தில் (1603-1868) ஜப்பானிய ஆண்கள் அணிந்த கிமோனோவில் பாக்கெட் கிடையாது. புகையிலைப் பை, மருந்துச் சிமிழ் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமலிருக்க மேல்முனையில் ஒரு குமிழ். அதுதான் நெட்சுகே!

அந்தக் குமிழைத்தான் எலி, குரங்கு, முயல், சுருண்டு படுத்த நாய் என்று தந்தத்திலும் மரத்திலும் செதுக்கினார்கள். பெரும்பாலும் ஓரிரண்டு அங்குலம்தான். துணியில் மாட்டக்கூடாது, இடுப்பில் குத்தக்கூடாது என்பதால் கால், வால், காது எல்லாம் உடம்போடு ஒட்டியிருக்கும். கயிறு நுழையத் துளை வேண்டுமே? சில கெட்டிக்காரர்கள் கால் இடுக்கையே துளையாக்கிவிட்டார்கள். நல்ல நெட்சுகேயைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பாதங்கள்கூட ஒழுங்காகச் செதுக்கியிருக்கும். கியோட்டோவின் தொமொதாதா மாடுகளுக்குப் பேர்போனவர்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் காடுகளில் அப்போது புலியே கிடையாது. தோலையும் ஓவியத்தையும் பார்த்துத்தான் செதுக்கினார்கள். அதனால் பல புலிகள் கொஞ்சம் கோபக்காரப் பூனை மாதிரி இருக்கும் :)

யானையும் அங்கே கிடையாது. தந்தம் கப்பலில் வந்தது. எங்கோ செத்த யானையின் பல்லில்தான் இத்தனை உயிருள்ள முயல்கள். இதை நினைத்தால் படத்தை ரசிப்பதே சங்கடமாகிவிடுகிறது.

"இருநூறு வருடம் முன்பு செத்த யானைதானே, பழசை விற்றால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் புதுத் தந்தத்தைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கிப் பழசு என்று விற்கிறார்களே! ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வர்த்தகத்தைத் தடை செய்ய 1989-ல் முடிவெடுத்தார்கள். பிரிட்டனில் 2022 முதல், முழுக்கத் தந்தத்தாலான பழைய நெட்சுகேயைக்கூட விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

இருப்பவற்றை உடைக்க வேண்டாம், மியூசியத்தில் இருக்கட்டும். சந்தைக்கு மட்டும் வேண்டாம். அந்தக் காலத்திலேயே மரத்தில் செய்த நெட்சுகேக்களைப் பாருங்கள், தந்தத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அழகு அந்தக் கைகளில்தான் இருந்தது. யானை சாகாமலும் அந்த முயல் பிறந்திருக்கும்.