படாக் மரத்தின் பலகை வேர்

இரயில் ஓடாத தீவுக்கு இரயில்வே குமாஸ்தா ஒருவன் விடுமுறையில் போய்வந்தான் என்றால் நண்பர்கள் நகைக்கத்தான் செய்வார்கள். ஆயினும் என் தமையனார் அந்தமானில் குடியேறி இருபது ஆண்டுகளாகியும் அவர் இல்லத்தை யான் கண்டதில்லை. சென்னையில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாட்களில் போர்ட் பிளேரை அடைந்தேன். 2024ஆம் ஆண்டு முதல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

தமையனாரின் வீடு காட்டோரத்தில் உள்ளது. முன்புறம் தென்னையும் கமுகும். பின்புறம் வானளாவிய படாக் மரம் ஒன்று. நம் ஊர் வேங்கைக்கு இது நெருங்கிய உறவு. அடிமரத்தினின்று ஆளுயரப் பலகைகள் போன்ற வேர்கள் நாற்புறமும் விரிந்து நின்றன.

உட்புறம் வலியதை மரமென்றும் வெளிப்புறம் வலியதைப் புல்லென்றும் தொல்காப்பியம் பகுத்திருப்பதைப் பள்ளியில் பாடமாகப் படித்தோம் அல்லவா? அதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. தென்னையின் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கியும் நடுவில் தளர்ந்தும் இருக்கும். ஆதலால் அது காற்றுக்கு வளைந்து கொடுத்துப் பிழைக்கிறது. படாக்கோ பட்டைக்கு உட்புறமாகப் புதுமரம் சேர்த்துப் பருக்கிறது. உள்ளிருக்கும் பழமரம் உயிரொடுங்கிச் செந்நிற வைரமாகிறது. அவ்வளவு பாரத்தைச் சுமந்து நிற்பதற்கு ஆணிவேர் ஆழத்தில் இருக்குமென்றே எண்ணியிருந்தேன். அதுதான் இல்லை! மழைக்காட்டு மரங்களின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. காற்று தள்ளும்போது, காற்று வரும் பக்கத்துப் பலகை கூடாரக் கயிறுபோல் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் காட்டுவேலையிலேயே வயது முதிர்ந்த ராஞ்சிக்காரர் ஒருவர். சொல்ல நேர்ந்த காரணம் வருந்தத்தக்கது. மாட்டுக்கொட்டகையை அகலமாக்குவதற்காகத் தமையனார் ஒரு பலகையை முன்பே வெட்டிவிட்டார். மற்றொன்றுக்கும் கோடரி தீட்டி வைத்திருந்தார். பெரியவர் வெட்டுவாயைத் தடவிப் பார்த்து, “இன்னொன்றையும் எடுத்தால் மரம் உன் கூரையின் மேல்தான் படுக்கும்” என்றார். அண்ணியார் அன்றிரவே பிள்ளைகளை முன்னறையில் உறங்க வைத்தார். தமையனாரோ, “இத்தனை காலம் நின்ற மரம்” என்று முணுமுணுத்தார்.

மறுநாள் சாத்தம் தீவுக்குச் சென்றோம். அங்குள்ள மரஅறுவை ஆலை 1883இல் நிறுவப்பட்டது. அதனருகில் உள்ள வன அருங்காட்சியகத்தில் படாக் மரத்தால் செய்த பொருள்களைத் தமையனார் நெடுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் அண்ணியார் பேசினார். கொட்டகையைத் தென்னந்தோப்புப் பக்கம் மாற்றியாகிவிட்டதாம். பிள்ளைகள் மட்டும் இன்னும் முன்னறையிலேதான் உறங்குகிறார்களாம்.