கிராங்க் முனையில் ஒரு ரப்பர் வளையம்

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு ஒன்றில் அந்த என்ஜின் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை இல்லை. விலாசம் தெரிந்தவர்கள் மட்டுமே வருகிறார்கள், ஆனாலும் வாசலில் எப்போதும் வண்டி நிற்கிறது. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில் பந்தயக் கார் வேலையும் வேர்விட்டதில் வியப்பில்லை. எஸ். கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியது இந்த ஊரில்தான். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான் போனபோது ஒரு ஹோண்டா சிட்டி என்ஜின் பிரித்துப் போடப்பட்டிருந்தது. முதல் தலைமுறை வண்டி, 1.5 லிட்டர் விடெக். அதன் உரிமையாளர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். விடுமுறை நாட்களில் செட்டிபாளையம் தடத்தில் ஓட்டுவதற்காகவே இந்த வண்டியைத் தேடி வாங்கியிருக்கிறார். புது பிஸ்டன், எடை பார்த்துச் சமப்படுத்திய கனெக்டிங் ராடுகள், இழைத்த ஹெட் எல்லாம் தயார். மிச்சம் இருந்தது என்ஜினின் முன்முனையில் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லி. அதற்குத்தான் அன்று பட்டறையில் வாக்குவாதம்.

மேசை மேல் நான்கு புல்லிகள் கிடந்தன. ஒன்று வண்டியிலிருந்து கழற்றிய பழசு. முன்பக்க ஆயில் சீல் கசிந்து, அதன் ரப்பர் எண்ணெயில் ஊறி விரல் நகம் இறங்கும் அளவுக்கு மெத்தென்றாகியிருந்தது. இன்னொன்று கம்பெனிப் பெட்டியில் வந்த ஒரிஜினல். மூன்றாவது, அதே தோற்றத்தில் பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கிய டூப்ளிகேட். நான்காவது சிவப்பு வண்ணம் பூசிய அலுமினியப் புல்லி, கையில் எடுத்தால் காற்றுபோல் இருந்தது. இளைஞர் வெளிநாட்டிலிருந்து தருவித்தது அதைத்தான். பூட்டச் சொன்னதும் அதைத்தான்.

"இதுல ரப்பர் எங்க தம்பி?" என்று கேட்டார் பட்டறை மாஸ்டர்.

"ரப்பர் வேண்டாம்னுதானுங்ண்ணா வாங்கினேன். வெயிட் கொறஞ்சா என்ஜின் சட்டுனு ஏறும்."

"ஏறும். நான் இல்லைங்கல. ஆனா கிராங்க் முறுக்கறத யாரு தாங்கறது?"

மாஸ்டர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பிஸ்டன்களின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கை நாம் வளைந்துகொடுக்காத இரும்பு என்று நினைக்கிறோம். சிலிண்டரில் எரிபொருள் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அது மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு திரும்ப விரிகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால் நொடிக்கு 233 முறை இந்த அடி விழுகிறது. ஒவ்வொரு கிராங்க்குக்கும் அதன் நீளம், தடிமன், அதில் தொங்கும் எடை இவற்றைப் பொறுத்து இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. வெடிப்பின் தாளமோ அதன் மடங்கோ அந்த வேகத்தோடு ஒத்துப்போனால், சரியான நேரத்தில் தள்ளிய ஊஞ்சலைப்போல் முறுக்கல் ஒவ்வொரு அடிக்கும் பெருகும். பின்முனையில் கனமான ஃபிளைவீல் இருப்பதால் அங்கே அசைவு குறைவு. ஆட்டமெல்லாம் முன்முனையில்தான். டைமிங் பெல்ட்டின் பல்சக்கரம் அந்த முனையில்தான் இருக்கிறது. இந்த ஹோண்டா என்ஜினில் ஆயில் பம்பையும் கிராங்க்கின் மூக்கே நேரடியாகச் சுழற்றுகிறது.

அதனால்தான் அந்த முனையில் டேம்பர் வைக்கிறார்கள். நடுவில் கிராங்க்கோடு பூட்டிய குடம், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம். குடம் துடிக்கும்போது வளையம் தன் கனத்தால் பின்தங்குகிறது. இடையில் மாட்டிய ரப்பர் நசுங்கி, விரிந்து, அந்தத் துடிப்பைச் சூடாக மாற்றி வெளியேற்றுகிறது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1910 வாக்கிலேயே கிராங்க்கின் முறுக்கலைத் தணிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறு சிலிண்டர் கார்களின் நீண்ட கிராங்க்குகள் நடுங்கி உடைந்த காலம் அது. பெல்ட் ஓடுவதற்கான பள்ளங்கள் அந்த வளையத்தின் மேலேயே வெட்டப்பட்டிருப்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் புல்லி.

மாஸ்டர் இதைப் புத்தகத்தில் படித்தவர் அல்ல. சிறுவயதில் பஸ் வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பெரிய ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்களின் முன்னால் சிலிக்கோன் திரவம் அடைத்த டேம்பர் இருக்கும். மூடிய உறைக்குள் கனமான வளையம் அந்தக் கெட்டித் திரவத்தில் நீந்தும். உறையில் சின்ன நெளிவு விழுந்தாலும் வளையம் உள்ளே பிடித்துக்கொள்ளும், பிறகு அது டேம்பர் இல்லை, வெறும் பாரம். அங்கே மூத்த மெக்கானிக் ஒருவர் அதைக் கீழே வைப்பதற்குக்கூடச் சாக்கு விரிக்கச் சொல்வாராம். "அந்த மரியாத எனக்கு அங்க வந்ததுங்க" என்றார்.

இளைஞரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. குட்டையான, உறுதியான நான்கு சிலிண்டர் கிராங்க்கில் அலுமினியப் புல்லி போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. மாஸ்டரும் அதை மறுக்கவில்லை. ஆனால் சாலையில் எப்போதாவது ஏறி இறங்கும் என்ஜினும், தடத்தில் உச்ச வேகத்திலேயே நிற்கும் என்ஜினும் ஒன்றல்ல. நிஸானின் ஆர்பி26 என்ஜினில் அதிக சுற்று வேகத்தில் ஆயில் பம்பின் கியர் வெடித்துப்போவது பந்தயக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. பம்ப் போனால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாவிட்டால் பேரிங் இல்லை. கொஞ்சம் எடையைக் கழித்துக் கிடைக்கும் சுறுசுறுப்புக்கு இந்த விலை அதிகம் என்பதே என் முடிவும்.

அலுமினியம் கழிந்தது. டூப்ளிகேட்டா ஒரிஜினலா என்பதைத் தீர்க்க, மாஸ்டரோடு பக்கத்துத் தெருவுக்கு நடந்தேன். பம்ப் மோட்டார்களின் ரோட்டரை பேலன்ஸ் செய்யும் கடை அது. மெஷினில் இருந்தவர் நடுவயதுப் பெண். முதலில் துளையின் உள்விட்டத்தைப் போர் கேஜில் அளந்தார். டூப்ளிகேட்டின் துளை கிராங்க் மூக்குக்குக் கொஞ்சம் தளர்வு. பிறகு மாண்ட்ரலில் ஏற்றி மெல்லச் சுற்றி, வளையத்தின் விளிம்பில் டயல் கேஜ் முள்ளை வைத்தார். முள் ஒரே இடத்தில் நிற்காமல் ஆடியது. ஒரிஜினலை ஏற்றியபோது முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பழசையே பேலன்ஸ் செய்து போட்டால் என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"செய்யலாமுங்க. ஆனா ரப்பர் தளந்துருச்சு. இன்னிக்கு நிக்கற பேலன்ஸ் நாளைக்கு நிக்காது. வளையம் எடம் மாறிக்கிட்டே இருக்குமுங்க."

இந்த ஒரு பதிலில் பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் பிரிந்து நின்றன. எடையைச் சமன் செய்வது வேறு, முறுக்கலைத் தணிப்பது வேறு. சில அமெரிக்க வி8 என்ஜின்களில் கிராங்க்கின் எடைச் சமனில் ஒரு பங்கு டேம்பரிலேயே வைக்கப்பட்டிருக்கும். ஃபோர்டு 302-இல் பழைய வகைக்கு 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் தொடக்கத்துக்குப் பிந்தையதற்கு 50. மாற்றிப் பூட்டினால் என்ஜினே உதறும். சிட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. கிராங்க் தனக்குள்ளேயே சமன் கொண்டது, புல்லியும் தனியாகச் சமனாக இருந்தால் போதும்.

பட்டறைக்குத் திரும்பியதும் இளைஞர் கேட்டது நல்ல கேள்வி. பிஸ்டனும் ராடும் மாறிவிட்டனவே, ஒரிஜினல் டேம்பர் இன்னும் பொருந்துமா? ரப்பர் டேம்பர் ஒரு குறிப்பிட்ட அதிர்வு வேகத்துக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுவது. கிராங்க்கில் தொங்கும் எடை மாறினால் அந்த வேகமும் நகரும். இங்கே மாறிய எடை சிறிது, ஃபிளைவீல் பழையதே, சுற்று வரம்பும் கொஞ்சமே உயர்கிறது. ஆகவே ஒரிஜினல் போதும் என்றார் மாஸ்டர். நீண்ட ஸ்ட்ரோக், டர்போ, இலேசான ஃபிளைவீல், எட்டாயிரத்துக்கு மேல் சுற்று என்று போனால், பரந்த வேக எல்லையில் வேலை செய்யும் சிலிக்கோன் திரவ வகையையோ, ஏடிஐ போன்றவர்கள் செய்யும் ரப்பர் வளையங்களை மாற்றிப் போடக்கூடிய பந்தய வகையையோ பார்க்க வேண்டும், எஸ்எஃப்ஐ 18.1 என்ற பந்தயப் பாதுகாப்புச் சான்று உள்ளதாக. அப்போதும் பெல்ட் பள்ளங்கள் ஒரே கோட்டில் வருகின்றனவா, புல்லியின் விட்டம் மாறி ஆல்டர்னேட்டரின் வேகம் குறைகிறதா என்று அளந்துதான் வாங்க வேண்டும்.

பூட்டும் வேலையை முழுக்க நின்று பார்த்தேன். ஆயில் சீல் புதிது. கிராங்க் மூக்கைத் துடைத்து, உட்ரஃப் சாவியின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவினார். டேம்பரைக் கையாலேயே உள்ளே தள்ளினார். சுத்தியல் பக்கத்தில்கூட இல்லை, அந்த அடி த்ரஸ்ட் பேரிங்குக்குப் போகும் என்பதால். ஹோண்டாவின் கிராங்க் போல்ட் இறுக்கத்துக்குப் பேர் போனது. புல்லியின் நடுவில் உள்ள 50 மில்லிமீட்டர் அறுகோணத்தில் பிடிப்பானை மாட்டி, உதவிப் பையன் பிடித்துக்கொள்ள, டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கினார். ஏர் கன் தொடவில்லை. போல்ட் தளர்ந்தால் புல்லி சாவியையும் கிராங்க் மூக்கையும் சேர்த்துத் தின்றுவிடும். கழற்றும்போதும் விளிம்பைக் கவ்வும் புல்லரைப் போடக் கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும்.

கடைசியாக வெள்ளை பெயிண்டில் குடம், ரப்பர், வளையம் மூன்றையும் குறுக்கே கடக்கும்படி ஒரே கோடு இழுத்தார், ரப்பர் நழுவினால் கோடு விலகித் தெரியும் என்று. டைமிங் குறி வெளி வளையத்தில்தான் இருக்கிறது. ரப்பர் நழுவினால் டைமிங் லைட் பொய் சொல்லும், அதை நம்பி இக்னிஷனைத் திருத்தினால் பிஸ்டனுக்கே கேடு.

கூலி பேசும்போது எனக்கு மனம் கனத்தது. சிவப்புப் புல்லிக்குக் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்துப் பேரம் பேசாமல் கொடுத்திருக்கிறார் இளைஞர். அளந்து பார்த்ததற்கு பேலன்ஸ் கடையில் கேட்ட தொகை அதற்கு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதிலும் குறைக்கச் சொன்னார் இளைஞர். மாஸ்டர் சம்மதிக்கவில்லை. "அந்தம்மா சொன்னதுனாலதான் தம்பி உங்க கிராங்க் பொழச்சுது" என்றார். இளைஞர் முழுத் தொகையையும் எடுத்துக் கொடுத்தார்.

என்ஜின் கட்டக் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். என்னென்ன மாற்றினீர்கள், எத்தனை சுற்று வரை ஓட்டப்போகிறீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு டேம்பரைத் தேர்ந்தெடுங்கள். அளப்பதற்கான கூலியைக் குறைக்காதீர்கள். உங்கள் வண்டியிலும் அந்த வெள்ளைக் கோட்டை இழுக்கச் சொல்லுங்கள், தடத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புது டேம்பர் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.