டாக்டர் லைன்ல இருக்கார்!

ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல் அடிச்சா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து ரூம்ல இருந்து ஒரு பாராசிட்டமால் வரும். காலையில மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட போய் நின்னா, முகத்தைக்கூடப் பார்க்காம நாலு மாத்திரையைக் கத்தரிச்சுக் கொடுப்பார். விஷயம் முடிஞ்சது!

இதே பசங்ககிட்ட, "இ-சஞ்சீவனி தெரியுமா?"ன்னு கேட்டேன். "லேகியமாடா?" என்றான் ஒருத்தன். மத்திய அரசோட இலவச சேவை அது. வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வசதி 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயத்தில் வந்தது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. இவ்வளவும் சொன்ன பிறகு, "ஸ்டெதஸ்கோப் வைக்காம என்னடா வைத்தியம்?" என்கிறான். மெடிக்கல் ஷாப் அண்ணன் எந்த ஸ்டெதஸ்கோப்பை வெச்சாராம்?

ஆனா, அந்தச் சந்தேகத்தை ஒரேயடியா கிண்டல் பண்ணவும் முடியாது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் விதிகளே, தொட்டுப் பார்க்க வேண்டிய கேஸ் என்றால் நேரில் வரச் சொல்லணும் என்கின்றன. மருந்துச் சீட்டில் டாக்டரோட பதிவு எண் இருக்கணும். போதை தரக்கூடிய மருந்துகளை எழுதவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நமக்கு இதெல்லாம் யார் பார்த்தா?

தேனிப் பக்கம் இருக்கும் எங்க அம்மாச்சிக்கு டெலிமெடிசின் என்ற வார்த்தையே தெரியாது. ஆனா, அதில் கண்ணைக் காட்டிட்டு வந்தவங்க! மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004-லிருந்து சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் நடத்துது. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பொண்ணு கருவி வெச்சு கண்ணைச் சோதிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் ஸ்கிரீனில் பேசுவார். "டாக்டர் டி.வி-ல பேசுனாருய்யா. அந்தப் புள்ள பக்கத்துலயே இருந்துச்சு, அதனால பயமில்ல" என்றார் அம்மாச்சி. அவருக்கு ஸ்கிரீன் பிரச்னையே இல்லை, கூட ஆள் இருக்கணும்.

என் ரூம்மேட்டுக்கு நேர் எதிர். யாருமே இருக்கக் கூடாது. அரியர் விழுந்ததிலிருந்து பயலுக்குத் தூக்கமில்லை. மனநல டாக்டர் வாசலில் யாராவது பார்த்துட்டா மானம் போயிடும்னு பயம். 14416 'டெலி மானஸ்' நம்பரைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சரி, எங்கே நின்னு பேசுறது? ரூமில் நாலு பேர், வராண்டாவில் கும்பல், மெஸ்ஸில் கேட்கவே வேண்டாம். இதுக்குன்னு ஒரு சின்ன ரூம் எந்த ஹாஸ்டல்லயாவது இருந்தா சொல்லுங்க பாஸ், பார்க்கணும்!

கடைசியில் மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய்ப் பேசினான். யாரும் மேலே வராம நான் படிக்கட்டில் காவல். அரைமணி நேரத்துக்கு மேலாச்சு. நானும் ஒண்ணும் கேட்கலை, அவனும் சொல்லலை.

ரெண்டு நாள் கழிச்சு, "இன்னிக்கும் படிக்கட்டுல நிக்கிறியாடா?"ன்னு கேட்டான்.