இடம் அறிந்த மருந்து

மனிதர்களைப் போலவே மருந்துகளிலும் இடம், பொருள், ஏவல் தெரியாதவை உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்சோரூபிசின் அப்படிப்பட்டது. செக்கச் செவேலென்று இருக்கும். இரத்தத்தில் ஏற்றினால் கட்டியோடு நிற்காது. தலைமயிரை உதிர்க்கும், இதயத்தையும் தொடும். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் தளர்ந்துபோகும் அபாயம் மிகுதி. ஆகையால் டாக்டர்கள் அதற்கு ஓர் ஆயுள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கின் கொடுமை நோய் திரும்பி வரும்போதுதான் தெரியும். என் சித்திக்கு ஆறு வருஷம் கழித்து, பழைய தழும்பின் அருகிலேயே மறுபடியும் வந்தது. "முன்னே குணம் கொடுத்த மருந்தையே போடுங்களேன், டாக்டர். மயிர் போனால் போகிறது" என்றாள். டாக்டர் பழைய சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தார். "உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது, அம்மா. இனிமேல் இதயம் தாங்காது" என்றார்.

"ரேஷன் கார்டு மாதிரியா?" என்று சித்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் வேறு மருந்து கொடுத்தார்கள்.

மருந்தை உடம்பெல்லாம் சுற்றவிடாமல், நோய் உள்ள இடத்திலேயே குடிவைத்தால் என்ன? விஞ்ஞானிகள் இதற்குத்தான் வழி தேடுகிறார்கள். நெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும் அல்லவா? போலாக்சமர் என்ற பொருளின் கரைசல் இதற்கு நேர் எதிர். குளிர்ந்திருக்கையில் தண்ணீர் மாதிரி ஊசியில் இறங்கும். உடம்பின் 37 டிகிரிச் சூடு பட்டதும் கூழாக இறுகி அங்கேயே தங்கும். தன்னுள் கலந்த மருந்தைச் சிறிது சிறிதாக வெளியே விடும். வேறு சில பொருள்கள் புளிப்புக்கு இணங்குபவை. இரத்தத்தின் அமில-கார அளவு 7.4; கட்டியைச் சுற்றி அது பெரும்பாலும் 7-க்கும் கீழே இறங்கியிருக்கும். அந்தப் புளிப்புப் பட்டதும் அவை மருந்து மூட்டையை அவிழ்க்கும்.

இது கற்பனையல்ல. சூட்டில் கூழாகும் மைட்டோமைசின் மருந்து ஒன்றை, சிறுநீரகத்திலும் அதிலிருந்து இறங்கும் குழாயிலும் வரும் ஒருவகைப் புற்றுக்காக அமெரிக்க அரசாங்கம் 2020-ல் அனுமதித்தது. திரும்பி வரும் மார்பகப் புற்றுக்கு இந்த வழி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்ட நோயை ஓரிடத்துக் கூழ் எட்டிப் பிடிக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் வந்த இடத்துக்கே திரும்பி வரும் நோயும் இருக்கிறதே! உள்ளங்கையகல இடத்தில் வந்த வினைக்கு உடம்பு முழுவதும், இதயம் உட்பட, அபராதம் கட்ட வேண்டியதில்லை என்ற நிலை பிறந்தால், அதுவே பெரிய காரியம்.