நடுவில் இருப்பது என்ன?

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, கரும்பொருள் பால்வீதியின் நடுவிலேதான் மிகுதியாக இருக்குமோ?" என்று வினவினான். "ஆம்; நடுவை நெருங்க நெருங்க அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும்" என்று சற்றும் தயங்காது விடை பகர்ந்தோம். 20 ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பித்த வாய்க்குத் தயக்கம் எளிதில் வருவதில்லை. அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான் எம் அவசரம் எமக்கே விளங்கிற்று.

கரும்பொருள் ஒளியை உமிழாது, மறைக்கவும் மாட்டாது. அதன் ஈர்ப்பு ஒன்றே அதனைக் காட்டிக்கொடுப்பது. 1970 இல் வேரா றூபின் அம்மையாரும் கென்ற் போட்டும் அந்திரொமீடா என்னும் விண்மீன் திரளின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். சூரியனுக்குத் தொலைவிலுள்ள கோள்கள் மெல்லச் செல்வதுபோல, அத்திரளின் வெளிப்புறத்து வாயு முகில்களும் மெல்லச் செல்லவேண்டுமன்றோ? அவை அவ்வாறு செல்லவில்லை. புலனாகாத பொருளொன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றது என்னும் கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது.

இது விளிம்பின் கதை. நடுவின் கதையோ வேறு. 1996 இல் நவாரோ, பிரெங்க், வைற் என்னும் மூவர், கணினியில் அமைத்த மாதிரிகளைக் கொண்டு, கரும்பொருளின் செறிவு நடுவை நோக்கிக் கோபுரம்போல் உயரும் என்றனர். எமது விடையும் அதுவே. ஆனால் சிறிய விண்மீன் திரள்கள் பலவற்றை அளந்தோர் அங்கே கோபுரத்தைக் காணவில்லை, சமதரையையே கண்டனர். வெடிக்கும் விண்மீன்கள் வாயுவை வெளியே தள்ள, ஈர்ப்பு நிலைமாறிக் கரும்பொருளும் பரவிற்று என்பர் சிலர். அதன் துணிக்கைகள் தம்முள் மோதிக்கொள்கின்றன என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

எமது பால்வீதியில் இச்சிக்கல் இன்னும் பெரிது. தனு இராசித் திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அதன் நடுவில் விண்மீன்கள் நெருங்கிக் கிடப்பதால், அவற்றின் நிறையிலிருந்து கரும்பொருளின் நிறையைப் பிரித்தறிதல் அரிது. (அங்கே 40 இலட்சம் சூரியன்களின் நிறையுடைய கருந்துளையொன்று உண்டு. அதனையே கரும்பொருள் என்று மயங்குவோர் உளர். அது வேறு, இது வேறு.) 2008 இல் ஏவப்பட்ட பேர்மி தொலைநோக்கி, அத்திசையிலிருந்து எதிர்பார்த்ததிலும் மிகுதியான காமாக் கதிர்கள் வருவதைக் காட்டிற்று. கரும்பொருள் தன்னைத்தானே அழித்துக்கொள்வதன் அடையாளமோ, விரைந்து சுழலும் துடிவிண்மீன்களின் வேலையோ என்று இன்றும் வாதிடுகின்றனர்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நாம் சொன்னது பாதிதான்" என்று தொடங்கி இவற்றையெல்லாம் சொன்னோம். பின்வரிசையில் சிறு சிரிப்பு எழுந்தது. வினவிய மாணாக்கன் மட்டும் சிரியாது, "பரீட்சையில் வந்தால் எதை எழுதுவது, ஐயா?" என்றான்.

இம்முறை தயங்கினோம். பின்னர், "இரண்டையும் எழுது" என்றோம்.