உரித்த பின் வேறு பெயர்

லத்தீன் வகுப்பில் ஒரு சொல்லுக்கு 'தோல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மாணவரை நான் விடுவதில்லை. யாருடைய தோல், உடம்பில் இருக்கிறதா, உரித்ததா, பதப்படுத்தியதா என்று கேட்பேன். ரோமானியர்கள் அதைச் சொல்லிலேயே வைத்துவிட்டார்கள்.

கூட்டிஸ் என்பது கிள்ளினால் வலிக்கிற மனிதத் தோல். பெல்லிஸ் பெரும்பாலும் விலங்கிலிருந்து உரித்தது. 'கோரியும்' என்பது தடித்த மாட்டுத்தோல்; செருப்புக்கும் வாருக்கும் ஆவது. பிளாட்டஸின் நாடகங்களில் அடிவாங்கப்போகும் அடிமையின் தோலுக்கும் 'கோரியும்' என்பதே சொல். "தோலை உரிச்சிடுவேன்" என்று நம் வீடுகளில் கேட்கிற அதே மிரட்டல் தொனி. அடிமையை மாடாக்கிவிடுகிற அந்தச் சொல்லைக் கேட்டு அரங்கம் சிரித்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தும்.

அலூட்டா படிகாரமிட்டுப் பதப்படுத்திய மெல்லிய தோல். கி.மு. 56இல் காலியாவின் (இன்றைய பிரான்ஸின்) மேற்குக் கரையில் வெனெட்டி மக்களோடு போரிட்ட சீசர், அவர்களுடைய பாய்மரக் கப்பல்களை வர்ணிக்கும்போது பெல்லிஸையும் அலூட்டாவையும் அடுத்தடுத்து வைக்கிறார். பாய்கள் துணியல்ல, தோல். சணல்நூல் துணி கிடைக்காததாலோ அதன் பயன் தெரியாததாலோ இருக்கலாம் என்கிறார். ஆனால் அட்லாண்டிக் புயலுக்குத் துணி தாங்காது என்பதே பொருத்தமான காரணம் என்று அவரே முடிக்கிறார். பகைவரின் கைத்தொழிலை இவ்வளவு கூர்ந்து பார்த்த தளபதி, தோலிலும் முரட்டுத்தோல் வேறு, மென்தோல் வேறு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்.

இந்தச் சொற்களின் முழு வலிமையையும் நான் உணர்வது ஜூவனலின் பத்தாம் அங்கதப் பாடலில்தான். நீண்ட ஆயுள் வேண்டி வரம் கேட்பவர்களுக்கு அவர் ஒரு கிழமுகத்தைக் காட்டுகிறார். கூட்டிஸ் இருந்த இடத்தில் பெல்லிஸ் வந்துவிட்டதாம். உயிரோடிருக்கும்போதே மனித முகம் விலங்குத்தோலாகிவிட்டது. அடுத்த வரிகளில் ஆப்பிரிக்கக் காட்டுக் கிழக்குரங்கு கன்னத்துச் சுருக்கங்களைச் சொறிகிறது. ஆனால் குரங்கு வருமுன்பே பெல்லிஸ் வேலையை முடித்துவிட்டது. இதைத் தமிழில் 'சருமம் போய்த் தோல் வந்தது' என்பேன். சருமம் என்றால் இன்று நமக்கு மனித மேனிதான். தோல் செருப்புக்கும் ஆகும். 'உரிவை' பொருளில் இன்னும் நெருக்கம், ஆனால் யானையுரி போர்த்த சிவன் வந்து நின்றுவிடுகிறார்.

ஜெரோமின் லத்தீன் விவிலியத்தில் லேவியர் நூலின் குரு நோயாளியைச் சோதிக்கும்போது பார்ப்பது கூட்டிஸ். எலும்பு ஒட்டிய யோபுவின் தோலோ பெல்லிஸ். ஜூவனலைப் படித்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஜெரோம் வேண்டுமென்றே செய்தார் என்று நான் அடித்துச் சொல்வதில்லை. பெல்லிஸ் வழிவந்த இத்தாலிய பெல்லே, பிரெஞ்சு போ, ஸ்பானிய பியெல் எல்லாமே இன்று சாதாரண மனிதத் தோலையும் குறிக்கின்றன. ஜெரோம் காலத்துப் பேச்சில் அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டு வாசிப்பையும் மாணவர்கள் எடைபோட வேண்டும் என்பதால், ஜூவனலை முடித்த பிறகே யோபுவைத் தொடங்குவேன்.