பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு பை

ஏடுகளைச் சுமந்து செல்லும் கழுதையைப் பற்றி இறைமறையின் ‘ஜுமுஆ’ அத்தியாயம் ஓர் உவமை கூறுகிறது. சுமக்கும் நூலின் பொருளை உணர்ந்து நடவாதவர்க்கு அது எச்சரிக்கை. மத்ரஸாவில் மாணவர்க்கு அப்பகுதியை விளக்கும்போதெல்லாம் என் உள்ளம் சற்றே கூசும். ஏனெனில் நாள்தோறும் நூல்களைச் சுமந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் செல்பவன் நான். அவ்வுவமை எனக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டின் ஐப்பசி மழை எனக்கு உணர்த்தியது.

குழந்தைப் பருவத்தில் என் வலக்காலை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நாடெங்கும் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய 1995ஆம் ஆண்டில் நான் கக்கத்தில் ஊன்றுகோலுடன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தேன். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் அந்நோய் கண்ட கடைசிக் குழந்தை 2011இல் மேற்கு வங்காளத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்! இன்று என் வகுப்பில் அமரும் பிள்ளைகளுள் ஒருவருக்கும் இக்குறை இல்லை. என் காலை வியப்போடு பார்த்து, “இது எப்படி ஆச்சு ஹஜ்ரத்?” என்று அவர்கள் கேட்பது எனக்கு மகிழ்ச்சியே தருகிறது.

கல்லூரியில் வரலாறு பயின்று, பின் மார்க்கக் கல்வியும் கற்று, கவரைப்பேட்டைப் பக்கம் குடியமர்ந்தேன். காலையில் அங்கே ஒரு மத்ரஸா. அஸர் தொழுகைக்குப் பின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மக்தப் வகுப்பு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. புறநகர் ரயில் இருக்கிறது. ஆனால் நிலையத்துப் படிகளும் நிலையத்திலிருந்து வகுப்புக்குச் செல்லும் தொலைவும் ஊன்றுகோல்காரனுக்குப் பெரும் சோதனை.

என் மச்சான் சவூதிக்குப் புறப்பட்டபோது தம் மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்துச் சென்றார். பொத்தானை அழுத்தினாலே கிளம்பும் வண்டி. மெக்கானிக் ஒருவர் அதன் பின்பக்கம் இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்களை இணைத்தார். வலக்காலால் மிதிக்க வேண்டிய பின் பிரேக்கைக் கைப்பிடிக்கு மாற்றி, ஒரு கம்பியைத் தொட்டியின் முன்புறமாக இழுத்துவிட்டார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, மாற்றத்தைப் பதிவுச் சான்றிலும் ஏற்றிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரங்கள். ஊரார் வாயில் அது ‘மூன்று சக்கர வண்டி’யாகவே நிலைத்துவிட்டது.

தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு விலையின்றி வழங்கிவரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கால் வைக்கும் பலகை அகலமாக இருப்பதால் பையை அதன்மேல் வைத்துவிடலாம். மோட்டார் சைக்கிளில் அந்த வசதி இல்லை. பின்னிருக்கையில் என் மகள் அமர்வாள். அவள் இல்லாதபோது ஊன்றுகோலும் அரிசிப் பையும் அமரும். ஆகவே என் ஜோல்னாப் பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதே பல்லாண்டு வழக்கமாயிற்று.

“என்னங்க, கைப்பிடியிலே இப்படித் தொங்கவிட்டுப் போறீங்களே, வண்டி திரும்பும்போது தடுக்காதா?” என்று என் மனைவி பலமுறை கேட்டார். நானோ, வண்டியில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதிவிட்டேன் என்றும், பாதுகாப்பவன் அல்லாஹ் என்றும் சொல்லிப் புறப்பட்டுவிடுவேன். துஆ ஓதியது உண்மை. அதை என் அலட்சியத்துக்கு மறைப்பாக்கிக் கொண்டேன் என்பதும் உண்மை.

அந்த ஐப்பசி மாலையில் என் பையில் பாட நூல்களோடு ஒரு தாள் உறையும் இருந்தது. தந்தையை இழந்த ஒரு மாணவியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் அதில் இருந்தன. கல்வி உதவி வேண்டி ஓரிடத்தில் மூலச் சான்றுகளைக் காட்டிவிட்டு, அவற்றைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சென்றுகொண்டிருந்தேன். நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானத் அது.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுவதை இப்பகுதியினர் அறிவர். அதையொட்டிய சிறு சாலையில் மழைநீர் தேங்கியிருந்தது. எதிரே வந்த லாரிக்கு வழிவிட இடப்பக்கம் ஒதுங்கினேன். அது கடந்தபின் வலப்பக்கம் திருப்ப முயன்றேன். கைப்பிடி திரும்பவில்லை! நனைந்து கனத்த பை கைப்பிடிக்கும் தொட்டிக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. வண்டி தன் போக்கில் சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் புதைந்து நின்றது. பையின் வார் அறுந்து, பை நீர் ஓடிய பள்ளத்தில் விழுந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கால் இயலாத நான், பை நீரில் மிதந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு வண்டியிலேயே அமர்ந்திருந்தேன். அவ்வழியே வந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் இறங்கி எடுத்துத் தந்தார்.

சான்றிதழ்கள் சேறும் மடிப்புமாய், முத்திரை கரைந்து, ஒன்று நடுவே கிழிந்தும் போயிருந்தது. அன்றிரவு அத்தாயின் வீட்டு வாசலில் நின்றபோது எனக்குச் சொல் எழவில்லை. அவர் உறையைப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே ஹஜ்ரத்? அது போதும்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மனைவி உடனே ஒன்றும் பேசவில்லை. சோறு பரிமாறிய பின் மெல்லக் கேட்டார்: “போன வாரம் பிள்ளைகளுக்கு ஒட்டகத்தைக் கட்டுற ஹதீஸைத்தானே நடத்துனீங்க?”

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டு நம்புவதா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் அதைக் கட்டும்படியும் பின்னர் நம்பிக்கை வைக்கும்படியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீ தொகுப்பில் இருக்கிறது. அதைத்தான் கரும்பலகையில் ஒட்டகத்தின் படம் வரைந்து நடத்தியிருந்தேன். நூலைச் சுமந்தவன் நான். பொருளை உணர்ந்தவர் அவர்.

மறுவாரம் சென்னைக்குச் சென்று, வாகன உதிரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரித்தேன். நெடும்பயணம் செல்லும் இளைஞர்களுக்கென்று தொட்டியின்மேல் பொருத்தும் பைகள் விற்கிறார்கள். சிலவற்றின் அடியில் காந்தம் உண்டு. இரும்புத் தொட்டியில் வைத்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடிய தொட்டிகளில் அது ஒட்டாது. வேறு சிலவற்றை வார்களால் கட்ட வேண்டும். நல்லவை சில ஆயிரம் ரூபாய் விலை. என் சம்பளத்துக்கு அது பெருந்தொகை. மலிவான காந்தப் பை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குண்டும் குழியுமான நம் சாலையில், நூல்களின் கனத்தோடு அது நழுவாமல் நிற்கும் என்று என் மனம் ஒப்பவில்லை. வெறுங்கையுடன் திரும்பினேன்.

விடை கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவிலேயே கிடைத்தது. அங்கே சீட் கவர் தைக்கும் ஒருவர் இருக்கிறார். ரெக்சினில் ஜிப் வைத்த டேங்க் கவர்களும் தைப்பார். என் தேவையைச் சொன்னதும் வண்டியைச் சுற்றி இருமுறை நடந்தார். “பாய், சாய்ஞ்சு திரும்புற வண்டிக்குத்தான் இதுவரைக்கும் தைச்சிருக்கேன். சாயாத வண்டிக்கு இதுதான் முதல்” என்றார்.

அவர் சொல்லில் ஒரு நுட்பம் இருந்தது. இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். ஓடும் வேகத்தில் கைப்பிடி சிறிதே அசையும். பக்கச் சக்கரங்கள் உள்ள வண்டி சாயாது. கைப்பிடியைத் திருப்பித்தான் வளைய வேண்டும். குறுகிய தெருக்களில் அதை முழுவதுமாக ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே பையின் முன்பக்கம் சிறிது புடைத்தாலும் எனக்கு ஆபத்து. மற்றவர்க்கு அது பெரிதாகத் தெரியாது.

அளவெடுத்து, மூன்று நாளில் தைத்து முடித்தார். எழுநூற்றைம்பது ரூபாய். ஆனால் முதல் முறை பொருத்தியதும் வேடிக்கை நேர்ந்தது. கைப்பிடியை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். பை ஹாரன் பொத்தானை அழுத்திற்று. தெருவே திரும்பிப் பார்க்க, வண்டி ஓயாமல் அலறியது. இருவரும் சிரித்தோம். வலப்பக்கம் திருப்பியபோது சிரிப்பு நின்றது. பையின் முன் வார் பிரேக் கம்பியின்மேல் சென்றிருந்ததால், கம்பி நசுங்கி இழுபட்டது. சாலையில் தெரிந்திருந்தால் என் கதி என்ன?

பையைப் பிரித்து மீண்டும் தைத்தார். முன்பகுதியைக் கூம்பாகக் குறுக்கி, உயரத்தையும் குறைத்தார். கைப்பிடித் தண்டைச் சுற்றும் வாரை எல்லாக் கம்பிகளுக்கும் ஒயர்களுக்கும் அடியில் செலுத்தினார். பின் வார்கள் இரண்டையும் இருக்கைக்குக் கீழே சட்டத்தில் கட்டினார். இருபுற வாரும் ஒரே அளவு இறுகியிருக்கும்படி பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியை நிறுத்திய நிலையிலேயே கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஹாரன், பிரேக், ஆக்ஸிலேட்டர் ஒவ்வொன்றும் தடையின்றி இயங்குவதைச் சோதித்த பின்னரே என்னை விட்டார்.

அவர் கற்றுத்தந்த வேறு சில செய்திகளும் பயன்படக்கூடியவை. பெட்ரோல் மூடியில் காற்று புகுவதற்கு நுண்ணிய வழி உண்டு. அது அடைபட்டால் தொட்டியிலிருந்து எண்ணெய் சீராக இறங்காது. வண்டி இருமி நின்றுவிடும். எனவே பையின் அடிப்பாகத்தில் மூடிக்கு நேராகப் பள்ளம் விட்டுத் தைத்தார். பெட்ரோல் போடும்போது முன் கொக்கியைக் கழற்றிப் பையைப் பின்னால் மடிக்கலாம். தொட்டிக்கும் பைக்கும் இடையே மணல் சேர்ந்தால் வண்ணம் தேய்ந்துபோகும். வீட்டிலிருந்த பழைய கம்பளித் துண்டை அடியில் தைக்கச் சொன்னார். வேகமானியை மறைக்கும் உயரத்துக்குப் பொருள்களை அடுக்கக் கூடாது. கனமானவை அடியிலும் நடுவிலும் இருக்க வேண்டும். ரெக்சின் நனையாது, தையல் துளை வழியே நீர் கசியும். ஆகவே தாள்களை உள்ளே பாலிதீன் உறையில் வைக்க வேண்டும். இறைமறைப் பிரதியை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது நான் சேர்த்துக்கொண்ட விதி.

இரண்டாம் முறை தைத்ததற்குக் கூலி நீட்டினேன். வாங்க மறுத்தார். “முதல்லயே திருப்பிப் பார்த்திருக்கணும் பாய். அது என் தப்பு” என்றார். தம் பிழையை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. எனக்கோ ஒரு பெண்பிள்ளையின் சான்றிதழ்கள் சேற்றில் விழ வேண்டியிருந்தது.

அச்சான்றிதழ்களுக்கு மாற்றுப் படி பெற மாதங்கள் ஆயின. மதிப்பெண் விவரத்தை இணையத்தில் பார்க்க முடிந்தாலும், கையில் மூலத்தாள் வேண்டும் என்று கேட்கும் இடங்களே மிகுதி. விண்ணப்பம், கட்டணம், அலைச்சல் எல்லாவற்றையும் நானே ஏற்றேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. அமானத்தைக் கெடுத்தவன் ஈடுசெய்வது கடமை. அதற்குள் கல்வி உதவியின் ஒரு தவணை அம்மாணவிக்குக் கைநழுவிப் போனது. எங்கள் ஜமாஅத்தார் சிலர் அத்தொகையைத் திரட்டித் தந்ததால் அவள் படிப்பு தடைப்படவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தாரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஒவ்வொரு மஹல்லாவிலும் என்னைப் போன்ற ஓரிருவர் இருப்பர். அவர்களுக்குப் பெருநாள் புத்தாடை கிடைத்துவிடுகிறது. அவர்கள் வண்டிக்கு ஒரு நல்ல கொக்கி, ஊன்றுகோலைத் தாங்க ஒரு கம்பி, பள்ளிவாசல் படியருகே ஒரு சாய்தளம், இவற்றை எவரும் கேட்பதில்லை; கேட்க அவர்களுக்கும் கூச்சம். பைத்துல்மாலின் சிறு பகுதி இதற்குச் செலவானால் ஒருவர் தம் கையாலேயே தம் பிழைப்பைத் தேடிக்கொள்வார். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலைகள் இவற்றில் பல.

மாற்றுச் சான்றிதழ்கள் கிடைத்த நாளில் அவற்றைப் பாலிதீன் உறையில் இட்டு, புதிய பையின் நடுவில் வைத்து, ஜிப்பை மூடினேன். வார்களை இழுத்துப் பார்த்தேன். கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். அதன்பின் துஆ ஓதினேன். வழியில் தூறல் விழுந்தது. அதே பள்ளத்தைக் கடந்து, நனையாத உறையை அத்தாயிடம் சேர்த்தேன். அவர் அதைப் பிரிக்குமுன் வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

“பையைக் கட்டிட்டீங்களா ஹஜ்ரத்?”

“கட்டிவிட்டேன்மா” என்றேன்.

அடுத்த முறை ‘ஜுமுஆ’ அத்தியாயத்தின் அப்பகுதியை நடத்துகையில் பிள்ளைகளிடம் இக்கதையைச் சொன்னேன். கழுதை யார் என்று ஒருவன் கேட்டான். நான் மறைக்கவில்லை.